ஏ-லைன், எம்பயர், சற்றின், சோக்கர்: நம்மூர் உடுப்பைக் காட்டி யாராவது விளக்குங்கள்

பாசையூர்க்_காற்று:

வீட்டில் இருந்தபடியே உடுப்பு விற்கத் தொடங்கியிருக்கிறேன். கொழும்பில் மொத்தமாக எடுத்து, முகநூலில் படம் போட்டு, யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. உடுப்போடு வருகிற பட்டியலில் ஏ-லைன், எம்பயர், போட் நெக், பிஷப் கை, ஜோர்ஜெற், சற்றின், கிளச், சோக்கர் என்று எழுதியிருக்கிறார்கள். வாங்குகிற அக்காமார் கேட்பதோ வேறு: "பிள்ளை, வயிறு தெரியுமோ? வெயிலுக்குப் போடலாமோ? உள்ளுக்குள்ளே ஏதாவது போட வேணுமோ?" இரண்டுக்கும் நடுவில் நான் நின்று முழிக்கிறேன். அகராதி விளக்கம் வேண்டாம். நாம் உடுத்துகிற, நம் கடைகளில் தொங்குகிற சாமானைக் காட்டிச் சொன்னால் பிடிபடும்.

சுன்னாகத்துத்_தையல்:

தங்கச்சி, முதலில் அந்தப் பட்டியலைப் பிரித்துப் போடுங்கள். சில துணியின் பெயர், சில உடுப்பின் உருவத்துக்குப் பெயர், சில கழுத்து, கை மாதிரியான பகுதிகளின் பெயர். இதைக் கலந்து குழப்புவதுதான் பாதிப் பிரச்சினை. "சற்றின் நல்லதோ, ஏ-லைன் நல்லதோ" என்று கேட்பவர்கள் என் கடைக்கும் வருகிறார்கள். சற்றின் துணியிலேயே ஏ-லைன் தைக்கலாம், அதற்குப் போட் நெக்கும் வைக்கலாம். ஒன்றுக்கு ஒன்று போட்டி இல்லை.

உருவத்தை சிலுவெட் என்பார்கள். ஆளை நிழலாகப் பார்த்தால் உடுப்பின் வெளிக்கோடு எப்படித் தெரிகிறதோ அது. ஏ-லைன் என்றால் மேலே ஒடுங்கி, கீழே போகப்போக நேராக விரிவது. சுருக்கும் கிடையாது, மடிப்பும் கிடையாது, விரிவு முழுக்க வெட்டிலேயே வருகிறது. 1955இல் கிறிஸ்தியன் டியோர் தன் வசந்தகாலத் தொகுப்புக்கு வைத்த பெயர். இப்போது நம் கடைகளில் தொங்குகிற குர்தாக்களில் நிறைய இந்த வெட்டுத்தான். இடுப்பை ஒட்டாது, அதேநேரம் கூடாரம் மாதிரியும் நிற்காது.

எம்பயரில் இடுப்புக் கோடு இடுப்பில் இருக்காது, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே ஏறி நிற்கும். அதற்குக் கீழே துணி தளர்ந்து விழும். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுச் சீமாட்டிகளின் படங்களில் இதைப் பார்க்கலாம். உங்கள் "வயிறு தெரியுமோ" அக்காவுக்கு இதைக் காட்டுங்கள். பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கும் நான் இதைத்தான் தைத்துக் கொடுப்பது.

ஷிப்ற் தோளில் இருந்து நேராகத் தொங்கும், உடம்பைப் பிடிக்காது. ஷீத் டாட் பிடித்து உடம்போடு போகும். பாங்கில் வேலை செய்யும் பிள்ளைகள் போடுகிற, முழங்கால் வரை வருகிற ஒடுங்கிய சட்டை ஷீத். டாட் என்றால், தட்டைத் துணியை உடம்பின் மேடு பள்ளத்துக்கு வளைக்க உள்ளே கூம்பாகப் பிடிக்கும் தையல். சாறிச் சட்டையின் முன்பக்கத்தில் நெஞ்சை நோக்கிப் போகிறதே, அதுதான்.

யோக் என்ற பெயரும் பட்டியலில் வரும். வீட்டில் போடுகிற சோட்டியைப் பாருங்கள். தோளுக்கும் நெஞ்சுக்கும் சேர்த்து ஒரு தட்டைத் துண்டு, அதற்குக் கீழே சுருக்கு. அந்தத் தட்டைத் துண்டு யோக். ஆண்களின் சேட்டில் முதுகுப்பக்கம் தோளை ஒட்டி வருவதும் யோக்தான்.

கைதடி_நிலவு:

ஏ-லைன் என்பதும் குடை வெட்டு என்பதும் ஒன்றுதானே அண்ணை? ரெடிமேட் கடையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

சுன்னாகத்துத்_தையல்:

கடையில் சொல்வார்கள். வெட்டுகிறவனுக்கு அப்படிச் சொன்னால் துணி காணாமல் போகும்.

குடை வெட்டு என்பது வட்டம். நடுவில் இடுப்புக்கு ஒரு சிறு வட்டம், வெளியே ஒரு பெரு வட்டம். இடுப்பு 28 அங்குலம் என்றால் அதை 6.28ஆல் பிரிக்க வேண்டும், ஏறக்குறைய நாலரை அங்குல ஆரம். பாவாடை நீளம் 30 என்றால் வெளி ஆரம் முப்பத்தினாலரை. 45 அங்குல அகலத் துணியில் இரண்டு அரைவட்டமாக வெட்டினால் 138 அங்குலம், அதாவது 4 யாருக்கு (கெஜத்துக்கு) கிட்ட. அதே நீளத்து ஏ-லைன் பாவாடை 2 யாரில் முடிந்துவிடும். விலையில் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும்.

இன்னொன்று. குடை வெட்டில் துணியின் ஒரு பகுதி நேர் இழையிலும் ஒரு பகுதி குறுக்கிலும், அதாவது இழைக்குச் சாய்வாகவும், தொங்கும். குறுக்கில் தொங்குவது இழுபட்டு இறங்கும். தைத்தவுடனே கீழ்மடிப்பு அடித்தால் சில நாளில் வெளிவட்டம் கோணலாகிவிடும். ஓர் இரவு தொங்கவிட்டு, பிறகு சமன் பார்த்து வெட்டித்தான் மடிப்பு அடிக்க வேண்டும். "உடனே தாங்கோ" என்று நிற்பவர்களுக்கு இது விளங்குவதில்லை.

அந்தக் குறுக்குக்குத்தான் பயஸ் என்று பெயர். சட்டைக் கழுத்துக்குப் பட்டி பிடிக்கக் கிறொஸ் துண்டு வெட்டுவோமே, அது பயஸ். வளைவுக்கு வளைந்து கொடுக்கும். 1920களில் மதலேன் வியோனே என்ற பிரெஞ்சுத் தையல் கலைஞர் முழு உடுப்பையே இப்படிக் குறுக்கில் வெட்டிப் பெயர் எடுத்தார்.

பெரியகடைத்_துணி:

அண்ணை உருவத்தைச் சொல்லிவிட்டார், நான் துணிக்கு வருகிறேன். புடவைக் கடையில் நிற்கிற எனக்குத் தினமும் வருகிற சண்டை இது.

கொட்டன், பட்டு, பொலியெஸ்ரர் எல்லாம் நாரின் பெயர். சற்றின், ஜோர்ஜெற், டெனிம் எல்லாம் அந்த நாரை எப்படி முறுக்கி எப்படி நெய்தார்கள் என்பதன் பெயர். சற்றின் என்றால் நூல் பல இழைகளுக்கு மேலே தாவிப் போய் ஒருமுறை உள்ளே இறங்கும், அதனால்தான் மேற்பரப்பு பளபளக்கிறது. பட்டிலும் சற்றின் உண்டு, பொலியெஸ்ரரிலும் உண்டு. நம்மூரில் மலிவாகக் கிடைப்பது பொலியெஸ்ரர் சற்றின். "சற்றின் என்றால் பட்டுத்தானே" என்று யாராவது கேட்டால் தலையாட்டாதீர்கள்.

ஷிபோனும் ஜோர்ஜெற்றும் அண்ணன் தம்பி. இரண்டுக்கும் நூலை அதிகமாக முறுக்குவார்கள், அதனால் துணியில் ஒரு சொரசொரப்பு இருக்கும். ஷிபோன் இன்னும் மெல்லியது, கையை உள்ளே வைத்தால் விரல் தெரியும். இரண்டுக்கும் லைனிங் வேண்டும். லைனிங் பொலியெஸ்ரராக இருந்தால் நம் வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும். வெளித்துணியைப் புகழ்ந்து விற்பவர்கள் இந்த லைனிங் கதையைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்தது "ஆட் சில்க்". கலைநயமான பட்டு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது செயற்கைப் பட்டு. பெரும்பாலும் ரேயோன் அல்லது பொலியெஸ்ரர். அதை அணிவதில் குற்றமில்லை, பட்டு விலை கொடுப்பதில்தான் குற்றம்.

சந்தேகம் வந்தால் உள்மடிப்பில் இருந்து ஓர் இழையை உருவி, சிறுசாவணத்தில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு தலைமயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பொலியெஸ்ரர் உருகிக் கட்டியாகும். கொட்டன் கடதாசி எரிகிற மணம், சாம்பல் மெத்தென்றிருக்கும். ரேயோனும் கொட்டன் மாதிரியே எரியும், அதால் இந்தச் சோதனையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. சரிகையை இழுத்துக் கொளுத்தி ஏமாறாதீர்கள், துணியின் உடல் இழையாக இருக்க வேண்டும். ஊடும் பாவும் வேறு வேறு நாராக இருக்கும் துணியும் உண்டு, ஆகவே நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று எடுங்கள்.

கைதடி_நிலவு:

எல்லாம் சரி. ஆனால் இந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பாடு? போனில் படத்தைக் காட்டி "இதுமாதிரி" என்றால் முடிந்தது. என் மச்சாள் அப்படித்தான் கலியாணச் சட்டை தைப்பித்தவள்.

சுன்னாகத்துத்_தையல்:

படத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும் பிள்ளை. சிப் பின்னாலா பக்கத்திலா? லைனிங் முழங்கால் வரையா, கீழ்வரைக்குமா? துணி பாரமா, மெல்லியதா? விரிவு சுருக்கால் வந்ததா, வெட்டால் வந்ததா? இவற்றில் ஒன்றும் படத்தில் இல்லை. படத்தில் நிற்கும் பெண்ணின் முதுகில் பத்துக் கிளிப் குத்தி இறுக்கிப் படம் எடுத்திருப்பார்கள், அதுவும் தெரியாது. படம் கொண்டு வாருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடவே நாலு பெயரும் தெரிந்தால் நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

பனிநாட்டுப்_பெண்:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். அண்ணை சொல்வதை நான் காசு கொடுத்துப் படித்தேன். இங்கே ஓர் இணையக் கடையில் சாமத்திய வீட்டுக்கென்று ஒரு சட்டை வாங்கினேன். படத்தில் நீளக்கை பொங்கி நின்றது. வந்ததைப் பார்த்தால் கை சவண்டு தொங்கியது. படத்தில் உள்ளது மொடமொடப்பான ஓர்கன்சா, எனக்கு வந்தது ஷிபோன். விவரத்தில் "பிஷப் கை" என்று மட்டும் இருந்தது, துணி என்னவென்று ஓரிடத்திலும் இல்லை. திருப்பி அனுப்பும் செலவை நினைத்து அப்படியே வைத்திருக்கிறேன்.

கைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதால் நானே எழுதுகிறேன். பிஷப் கை கீழே போகப்போக அகன்று, மணிக்கட்டில் சுருக்கி ஒரு பட்டிக்குள் அடங்கும். பெல் கை அகன்று அப்படியே திறந்து நிற்கும், பட்டி இல்லை. பஃப் கை தோளில் சுருக்கி ஊதினாற்போல் இருக்கும், சின்னப் பிள்ளைகளின் பட்டுப்பாவாடைச் சட்டையில் வைப்பது. கப் கை தோளின் உச்சியை மட்டும் மூடும்.

ராக்லன் கையில் தோளில் தையல் வராது. கழுத்தில் இருந்து அக்குள் வரை சாய்வாக ஒரு தையல் போகும். உடம்பு ஒரு நிறம், கை வேறு நிறம் என்று வரும் விளையாட்டு ரீசேட்டைப் பாருங்கள். 1815இல் வாட்டர்லூப் போரில் வலக்கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர் அது. அவரோடு கிரைமியப் போரில் நின்ற கார்டிகன் பிரபுவின் பெயர்தான் முன்னால் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டைக்கு. யாழ்ப்பாணத்தில் கார்டிகனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நுவரெலியாச் சுற்றுலாவுக்கு முதல் வாரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள்!

பெரியகடைத்_துணி:

அந்த நுவரெலியா வியாபாரம் உண்மை. திரும்பி வந்ததும் அலுமாரிக்குள் போனால் போனதுதான்.

கஸ்தூரியார்_வீதிக்காரன்:

நகைப் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். எங்கள் வீதியில் பாதிக் கடை நகைக்கடை என்பது உங்களுக்கே தெரியும். கழுத்தில் போடுவதற்கு இங்கிலீசில் வைத்திருக்கிற பெயர்கள் எல்லாம் நீளத்தைக் குறிப்பவை. சோக்கர் 14 முதல் 16 அங்குலம், கழுத்தடியை ஒட்டி நிற்கும். நம் அட்டியலை அந்த வரிசையில் வைக்கலாம். பிரின்சஸ் 17 முதல் 19, கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே. மற்றினே 20 முதல் 24, நெஞ்சுக்கு மேலே. ஒப்பரா 28 முதல் 36, பதக்கஞ்சங்கிலியை நீளமாகச் செய்விப்பவர்கள் இந்த அளவுக்கு வருவார்கள். இது தடித்த கழுத்து, மெல்லிய கழுத்துக்கு மாறும். ஆகவே வீட்டில் ஒரு நூலைக் கழுத்தில் போட்டு, அதை அளந்து அங்குலத்தில் கேளுங்கள். பெயரை நம்பி வாங்கினால் சோக்கர் பிரின்சஸாகி விடும், அல்லது மூச்சு முட்டும்.

சட்டைக் கழுத்தோடு சேர்த்துப் பார்ப்பது முக்கியம். போட் நெக் ஒரு தோளில் இருந்து மற்றத் தோளுக்கு ஏறக்குறைய நேர்கோடாகப் போகும். அதன்மேல் அட்டியல் போட்டால் துணியின் விளிம்பும் நகையும் ஒன்றோடு ஒன்று அடிபடும். அதற்கு நீளச் சங்கிலி, அல்லது கழுத்தை வெறுமையாக விட்டுப் பெரிய தோடு. ஸ்வீட்ஹார்ட் கழுத்து நெஞ்சின் மேல் இரண்டு வளைவாக இறங்குவது, அதில் இடம் நிறைய உண்டு, அட்டியல் எடுப்பாக இருக்கும்.

காதுக்கு: ஸ்டட் காதோடு ஒட்டிய தோடு, ஹூப் வளையம், டிரொப் கீழே தொங்குவது. ஜிமிக்கியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

"தங்கம்" என்று எழுதும்போது மட்டும் கவனம் தங்கச்சி. 22 கரட்டில் 91.6 வீதம் தங்கம். முலாம் பூசியதில் மேற்பூச்சுத்தான் தங்கம். வெர்மெய் என்றால் உள்ளே வெள்ளி, மேலே தங்கப் பூச்சு. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் எழுதி விற்றால் நாளைக்கு வாசலில் வந்து நிற்பார்கள்.

பாசையூர்க்_காற்று:

முலாம் பூசியதுதான் விற்கிறேன், அப்படியே எழுதுகிறேன் அண்ணை. பைகளையும் சொல்லிவிடுங்கள் யாராவது.

திருநெல்வேலி_மாணவி:

பைகள் சுலபம் அக்கா. கிளச்சுக்குத் தோள்வார் இல்லை, கைக்குள் பிடிப்பது. கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் அதன் கொடுமை தெரியும். மேற்பக்கம் திறந்து, இரண்டு கைபிடியோடு வருவது டோட். பனையோலையில் பின்னிய சந்தைப் பை முழுக்க முழுக்க ஒரு டோட். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அதைத் தேடி வாங்கிக்கொண்டு போகிறார்கள், நாம் பிளாஸ்ரிக் பையோடு திரிகிறோம். ஸ்லிங் நீள வாரோடு குறுக்கே மாட்டுவது.

செருப்பில் ஸ்டிலெட்டோ ஊசிக் குதி, புளொக் கட்டைக் குதி, வெட்ஜ் குதிக்கும் பாதத்துக்கும் இடைவெளி இல்லாமல் ஒரே கட்டையாக வருவது. நம்மூர் மணலுக்கு ஸ்டிலெட்டோ புதையும், வாங்குகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. விளம்பரங்களில் கண்டபடி எறிகிற பெரிய சொற்கள். "கூத்தூர்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். பிரான்சில் ஓத் கூத்தூர் என்பது 1945 முதல் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். அங்கே நினைத்தவர் எல்லாம் அந்தப் பெயரைப் போட முடியாது. ஆளுக்கு அளவெடுத்து, பெரும்பாலும் கைத்தையலில் செய்வது. அதற்கு எதிர்ப்பக்கம் பிரெத்தாபோர்த்தே, அதாவது ரெடிமேட். இடையில் இரண்டு உண்டு. பெஸ்போக் என்றால் உங்களுக்கென்றே புதிதாக மாதிரி வரைந்து வெட்டுவது. மேட் டு மெஷர் என்றால் இருக்கிற மாதிரியை உங்கள் அளவுக்குத் திருத்துவது. சாறிச் சட்டைக்குப் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்து விட்டு வருகிறோமே, அது இரண்டாவதுக்குக் கிட்ட வரும். லண்டனில் பெஸ்போக்குக்குக் கொடுக்கிற காசைக் கேட்டால் நம் தையற்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுவார்கள்.

விண்டேஜ் என்றால் அந்தக் காலத்திலேயே செய்த பொருள். அம்மம்மாவின் அலுமாரியில் கிடக்கிற நைலெக்ஸ் சாறி விண்டேஜ். அதைப் பார்த்து இன்று புதிதாக அச்சடித்தால் அது ரெட்ரோ. ரெட்ரோவை விண்டேஜ் விலைக்கு விற்பது நன்றாகவே நடக்கிறது. கிளாசிக் என்றால் காலம் போனாலும் கழற்றி எறியாதது, வெள்ளைச் சேட் மாதிரி. ஃபாட் என்றால் சட்டென்று வந்து சட்டென்று போவது. 1970களின் பெல்பொட்டம் ஃபாட் என்றுதான் அப்பா சொல்வார். அது மாறி மாறித் திரும்பி வருவதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நாவற்குழி_ஐயா:

ஆண்களுக்கு ஒன்றும் இல்லையா? நாங்கள் நல்லூர்க் கந்தன் கோயிலுக்குப் போகும்போது சேட்டைக் கழற்றிக் கையில் பிடிக்கிறோம் என்பதற்காக இப்படி ஒதுக்குவதா?

சுன்னாகத்துத்_தையல்:

ஐயா, உங்களுக்குச் சுருக்கமாக. வேட்டிக்கு மேலே போடும் நஷனலின் கழுத்தில் மடியாமல் நிற்கிறதே, அது பாண்ட் கொலர். மன்டரின், சைனீஸ் என்று கடையில் சொல்வதும் அந்தக் குடும்பம். பட்டன் டவுனில் கொலர் முனையில் பொத்தான் இருக்கும். ஸ்பிரெட் கொலரில் முனைகள் விலகி நிற்கும், டை கட்டுகிறவருக்கு ஏற்றது. பொத்தான் வரிசை போகிற பட்டி பிளக்கெட், நஷனலில் அது பாதியோடு நின்றுவிடும். கோட்டில் ஒற்றை வரிசைப் பொத்தான் சிங்கிள் பிரெஸ்டட், துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரட்டை வரிசை வந்தால் டபிள் பிரெஸ்டட். இரண்டாவதைப் பூட்டித்தான் போட வேண்டும், திறந்துவிட்டால் துணி இரண்டு பக்கமும் அலையும். வாடகைக் கோட் எடுக்கிற மாப்பிள்ளைமார் கவனிக்கவும்.

சிலிம் பிற், ரெகுலர் என்பது ஈஸ் என்ற ஒன்றின் கூடுதல் குறைவுதான். உடம்பின் அளவுக்கும் உடுப்பின் அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஈஸ். நெஞ்சு 36 உள்ளவருக்கு உடுப்பும் 36 என்று தைத்தால் கையைத் தூக்க முடியாது. நெய்த துணியில் சாதாரணச் சட்டைக்கு 2 முதல் 4 அங்குலம் விடுவோம். சாறிச் சட்டைக்கு மிகவும் குறைவு, அது பிடித்து நிற்க வேண்டியது. இழுபடுகிற பின்னல் துணியில் உடுப்பு உடம்பைவிடச் சிறிதாகவே இருக்கலாம். தங்கச்சி, உங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். எஸ், எம், எல் என்பதற்குக் கடைக்குக் கடை அளவு வேறு. எம் என்று மட்டும் எழுதாமல் அங்குலத்தில் எழுதுங்கள்.

பாசையூர்க்_காற்று:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குப் போட இருக்கிற முதல் விவரத்தை எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

"எம்பயர் உருவத்தில் நீளச் சட்டை. நெஞ்சுக்குக் கீழே சுருக்கு, வயிற்றைப் பிடிக்காது. பொலியெஸ்ரர் ஜோர்ஜெற், கொட்டன் லைனிங். போட் நெக். மணிக்கட்டில் திறந்த பிஷப் கை. பின்பக்கம் சிப். எம்: நெஞ்சு 38, நீளம் 50."

பனிநாட்டுப்_பெண்:

மணிக்கட்டில் திறந்திருந்தால் பிஷப் இல்லை, பெல் என்று போடுங்கள். லைனிங் கைக்கும் உண்டா என்றும் சொல்லுங்கள், கை உள்ளே தெரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள்.

சுன்னாகத்துத்_தையல்:

நெஞ்சு 38 என்பது உடம்பின் அளவா, உடுப்பின் அளவா?

பாசையூர்க்_காற்று:

உடுப்பை மேசையில் விரித்து அளந்தது. அப்படியென்றால் 35, 36 உள்ளவர்களுக்குச் சரி, இல்லையா? அதையும் எழுதுகிறேன். கைக்கு லைனிங் இல்லை, பெல் என்று மாற்றிவிட்டேன்.

கைதடி_நிலவு:

எனக்கு 36. நீலம் இருந்தால் ஒன்று எடுத்து வையுங்கோ.